1986 மார்ச் 15, சிராங்கூன் ரோடு: வெயிலா, மழையா?

பெண்டமியர் பொண்ணு | ஞாயிறு, இரவு 9.50

வீட்டில் இன்று ஒரு சண்டை. தீர்ப்புக் கேட்டு வரவில்லை. மண்டை குடைகிறது, எங்கேயாவது கொட்ட வேண்டும்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு சித்தப்பா சாப்பிட வருவார். அப்பாவுக்கு 76, சித்தப்பாவுக்கு 71. எண்பதுகளில் இரண்டு பேரும் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரே மளிகைக் கடையில் வேலை பார்த்தவர்கள். மீன் குழம்பு முடிந்து மோர் ஊற்றும்போது ஹோட்டல் நியூ வோர்ல்ட் பேச்சு வந்தது. தெரியாதவர்களுக்காக: ஓவன் ரோடு முனையில் இருந்த ஆறு மாடிக் கட்டடம் அது. லியான் யாக் கட்டடம் என்று பெயர். மேலே ஹோட்டல், தரைத்தளத்தில் வங்கி. 1986 மார்ச் 15, சனிக்கிழமை முற்பகல், ஒரு நிமிடம்கூட ஆகாமல் மொத்தமாகத் தரைமட்டம். 33 பேர் இறந்தார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள்.

இந்தக் கதையை அப்பா சொல்லி நூறு தடவையாவது கேட்டிருப்பேன். தள்ளுவண்டியில் அரிசி மூட்டையோடு ஓவன் ரோடு முனைக்கு வருகிறார். மழை பிடித்துக்கொள்கிறது. மூட்டை நனையாமல் இருக்க அஞ்சடியில், அதாவது கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையில், ஒதுங்குகிறார். டமார் என்று ஒரு சத்தம். கட்டடம் அப்படியே தெருப்பக்கம் சாய்கிறது. தூசியும் மழையும் கலந்து சட்டையெல்லாம் சேறு. அந்தச் சட்டையை அப்புறம் போடவே இல்லை என்று முடிப்பார்.

இன்று சித்தப்பா மோர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மழையாண்ணே? மண்டையைப் பொளக்குற வெயிலு. சாயவும் இல்ல. நின்ன எடத்துலயே உக்காந்துச்சு." அப்பா விடவில்லை. இவர் மழை, அவர் வெயில், இவர் சாய்ந்தது, அவர் உட்கார்ந்தது. கடைசியில் சித்தப்பா குரலைத் தாழ்த்தி, "அண்ணே, நீங்க அன்னிக்கு அங்க இல்லவே இல்ல. அது நான் ஒங்களுக்குச் சொன்ன கதை" என்றார்.

அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார். கை ஏற்கெனவே கழுவியாகிவிட்டது.

ஒரே தெரு, ஒரே கடை, ஒரே நாள். எப்படி இரண்டு உலகம்?

கோப்பி ஓ கொசோங் | ஞாயிறு, இரவு 10.05

இரண்டு பேரில் ஒருவர் சொல்வது தப்பு. இதில் குடைய என்ன இருக்கிறது? 'அவரவர் பார்வை, அவரவர் உண்மை' என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லி வைக்கிறேன்: கட்டடம் எல்லார் பார்வையிலும்தான் விழுந்தது.

ஜூரோங் ஜெகன் | ஞாயிறு, இரவு 10.31

கொசோங் அண்ணே, நானே ஆரம்பிக்கிறேன்.

2007ஆம் வருஷம் ஜூரோங் வெஸ்ட் ஸ்திரீட் 42இல் ஒரு சாலையோர மரத்தில் குரங்கு உருவம் தெரிகிறது என்று பேச்சு கிளம்பியது நினைவிருக்கிறதா? கூட்டம் அலைமோதியது. எங்கள் அம்மாவுக்குச் செய்தி எட்டினால் சும்மா இருப்பாரா? வாழைப்பழச் சீப்பு, கற்பூரம் சகிதம் கிளம்பிவிட்டார். பை தூக்க நான்.

கிட்டே போய்ப் பார்த்தேன். மரப்பட்டையில் பழைய காயம் ஆறிப் புடைத்த இடம், அவ்வளவுதான். இதற்கா இத்தனை கூட்டம் என்று நாலடி தள்ளி வந்து, அம்மாவைக் கூப்பிடத் திரும்பினேன். கண், மூக்கு, முழங்கையை மடித்த மாதிரி ஒரு கை. சத்தியமாகக் குரங்கு. கதை அதோடு முடியவில்லை. அப்புறம் எவ்வளவு முயன்றும் அதை வெறும் புடைப்பாகப் பார்க்க என்னால் முடியவில்லை. கண்ணை மூடித் திறந்தேன், தலையைச் சாய்த்தேன், குரங்கு போகவே இல்லை.

அம்மா ஆஞ்சநேயா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் ஒரு சீன ஆன்ட்டி ஊதுபத்தியைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது சீனக் கதையில் வரும் குரங்கு அரசன் சுன் வூகோங். இரண்டு பேருக்கும் பொதுவாகக் கொஞ்சம் பசார் மலாய்தான், சந்தையில் பேசும் மலாய். ஆன்ட்டி மரத்தைக் காட்டி "பாகுஸ்" (அருமை) என்றார். அம்மாவும் "பாகுஸ், பாகுஸ்" என்றார். எங்கள் சீப்பிலிருந்து இரண்டு பழம் அங்கே போனது, அங்கிருந்து ஓர் ஆரஞ்சு இங்கே வந்தது.

இப்போது சொல்லுங்கள், இதில் யார் தப்பு?

கோப்பி ஓ கொசோங் | ஞாயிறு, இரவு 10.34

மரம்.

உட்லண்ட்ஸ் உமா | திங்கள், காலை 7.12

ஹாஹா. எனக்கு 2015 பிப்ரவரி ஞாபகம் வருகிறது. இணையம் முழுக்க ஒரே கவுன் படம்: நீலம்-கறுப்பா, வெள்ளை-பொன்னா? என் கணவர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. அவருடைய போனில் நீலமாகத் தெரிகிறதோ என்று பிடுங்கிப் பார்த்தேன். அதிலும் எனக்கு வெள்ளைதான்.

கவுனின் உண்மையான நிறம் நீலமும் கறுப்பும் என்று பிறகு தெரிந்தது. நான் தோற்ற கட்சி. ஆனால் காரணம் சுவாரஸ்யமானது. அந்தப் படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று சரியாகத் தெரியாது. நிழலில் இருக்கிறது என்று மூளை எடுத்துக்கொண்டால் நீலத்தைக் கழித்துவிட்டு வெள்ளை காட்டும். மஞ்சள் விளக்கு என்று எடுத்துக்கொண்டால் மஞ்சளைக் கழித்து நீலம் காட்டும். இந்தக் கழித்தல் நம்மைக் கேட்டு நடப்பதில்லை. அதிகாலையில் எழுகிறவர்களுக்கு வெள்ளை தெரிய வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்று 2017இல் ஓர் ஆய்வுகூட வந்தது. பகல் வெளிச்சத்திலேயே வாழ்ந்து பழகிய கண் என்பதால் இருக்கலாம். நான் ஐந்து மணிக்கு எழுகிறவள், அவர் ராத்திரி ஆந்தை. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை பொருந்துகிறது.

ஈசூன் இளங்கோ | திங்கள், மதியம் 12.48

நிறம் என்றதும் உள்ளே வருகிறேன். எனக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. பிறவியிலேயே, அம்மா வழியாக வந்தது. அம்மாவுக்கு எல்லா நிறமும் தெரியும் என்பதுதான் வேடிக்கை.

18 வயது வரை எனக்கே தெரியாது. தேசிய சேவைக்கு முன்பு மருத்துவப் பரிசோதனை. புள்ளி புள்ளியாக வட்டம் போட்ட இஷிஹாரா புத்தகத்தைப் புரட்டி "என்ன எண்?" என்றார்கள். "எண் எதுவும் இல்லையே" என்றேன். அடுத்த பக்கம். "இதிலும் இல்லை." எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான். அவன் கண்ணுக்கு அங்கே பளிச்சென்று 73 இருந்திருக்கிறது. என் கண்ணுக்குச் சிதறிய புள்ளிகள்.

எம்ஆர்டி ரயில் வரைபடத்தில் வடக்கு-தெற்கு தடம் சிவப்பு, கிழக்கு-மேற்கு தடம் பச்சை என்பார்கள். நான் அதை NS, EW என்ற எழுத்துகளை வைத்துத்தான் படிக்கிறேன். மாம்பழம் பழுத்ததா என்று மூக்கால் பார்ப்பேன். கோழி வெந்ததா என்று மனைவியிடம் கேட்பேன்.

நண்பர்கள் பாதி ராத்திரியில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து "நீ பார்க்கும் சிவப்பும் நான் பார்க்கும் சிவப்பும் ஒன்றா மச்சி" என்று தத்துவம் பேசுவார்கள். எனக்கு அதில் தத்துவம் ஒன்றும் இல்லை, தினசரி வேலை. பொது உலகம் ஒன்று இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் நான் அடிக்கடி அதில் இடித்துக்கொள்கிறேன்.

கோப்பி ஓ கொசோங் | திங்கள், மதியம் 1.02

இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே உருப்படியான பதிவு இதுதான்.

நீலமலர் | திங்கள், மாலை 6.25

இளங்கோ, நிறம் நன்றாகத் தெரிகிறவர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் புதுச் சாயம் அடிப்பதற்காகக் கீழே மூன்று படம் ஒட்டி, எது வேண்டும் என்று குடியிருப்பாளர்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். நான் "அந்தப் பச்சைக்குப் போட்டேன்" என்றேன். எதிர்வீட்டு அங்கிள் "பச்சையே கிடையாதே, இரண்டும் நீலம்தான்" என்றார். இரண்டு பேரும் மின்தூக்கியில் இறங்கிப் போய்ப் பார்த்தோம். மயில் கழுத்து நிறம். நான் பச்சை என்றால் பச்சை, அவர் நீலம் என்றால் நீலம். பிறகு அவர்தான் சொன்னார்: மாண்டரினில் 'சிங்' என்று ஒரு சொல் உண்டாம், பச்சைக்கும் சொல்லலாம், நீலத்துக்கும் சொல்லலாம், சில இடங்களில் கறுப்புக்குக்கூட வருமாம்.

உடனே எனக்குப் பெருமாள் நினைவு வந்தார். பச்சை மேனி என்கிறோம், நீலமேக வண்ணன் என்கிறோம், கார்வண்ணன் என்கிறோம். ஒரே ஆள், மூன்று நிறம், ஒரு பக்தருக்கும் குழப்பம் வந்ததில்லை.

(ஓட்டில் சாம்பல் நிறம் ஜெயித்தது. யாருக்கும் பிடிக்கவில்லை.)

பழைய பஞ்சாங்கம் | திங்கள், இரவு 8.40

அன்பர்களே, கண்ணை விட்டுக் கடிகாரத்துக்கு வாருங்கள்.

1981 டிசம்பர் 31 வரை நம் ஊர் மணி கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி நேரம். மலேசியாவோடு சேர்ந்து நாமும் அரை மணி நேரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டோம். அதற்கு முன் ஜப்பானியர் காலத்தில் தோக்கியோ மணியே இங்கேயும் ஓடியது, ஒன்றரை மணி நேரம் ஒரே தாவல். என் தந்தையார் அதைச் சொல்லிச் சிரிப்பார்: "சூரியன் வர்றதுக்கு முன்னாடியே வேலைக்கு வான்னா எப்படி?"

82இல் மணி மாறியபோது என் தாயார் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரு வருடம் போல "புது மணியா, பழைய மணியா?" என்று கேட்டுத்தான் உலை வைப்பார். அவர் கவலை ராகுகாலம். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்பது சூரியன் ஆறு மணிக்கு உதிக்கும் கணக்கு. இங்கே உதிப்பது ஏழு மணி வாக்கில். உச்சி வெயில் ஒரு மணிக்கு. அரசாங்கம் மணியைத் தள்ளி வைத்தால் ராகுவும் தள்ளிப் போவானா என்று அம்மா கேட்ட கேள்விக்கு நாற்பது ஆண்டு ஆசிரியர் வேலை பார்த்த என்னிடம் பதில் இல்லை.

உட்லண்ட்ஸ் உமா | திங்கள், இரவு 8.52

ஐயா அருமை, ஆனால் இழை திசை மாறுகிறதே?

பழைய பஞ்சாங்கம் | திங்கள், இரவு 9.15

மாறவில்லை அம்மா. குரங்கு என்பது இரண்டு பேர் பார்த்தது. பன்னிரண்டு மணி என்பது ஒருவரும் பார்க்காதது, எல்லாரும் ஒத்துக்கொண்டது. பொது உலகத்தில் இரண்டாவது வகைச் சரக்குதான் அதிகம் என்பது என் எண்ணம். பேரன் அழைக்கிறான், பிறகு வருகிறேன்.

ஆய்வுக்கூட எலி | திங்கள், இரவு 11.20

உளவியல் படித்துவிட்டு இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பொண்ணு, உங்கள் கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: சித்தப்பா சொல்வது சரியாகவே இருந்தாலும், உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை.

அதே 1986. ஜனவரி 28, சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73ஆவது வினாடியில் சிதறியது. உல்ரிக் நைஸர் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மறுநாள் காலையே மாணவர்களிடம் தாளைக் கொடுத்து, செய்தியை எங்கே கேட்டீர்கள், யார் சொன்னது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதி வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரைப் பிடித்து அதே கேள்விகள். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. வகுப்பில் யாரோ சொல்லிக் கேட்டேன் என்று அன்று எழுதியவர், இப்போது விடுதி அறையில் டிவியில் பார்த்தேன் என்கிறார். அதுவும் துளி தயக்கம் இல்லாமல். பிறகு அவரவர் கையெழுத்தில் இருந்த பழைய தாளையே முன்னால் வைத்தார்கள். அப்படியும் பழைய நினைவு திரும்பவில்லை. புதியதுதான் அவர்களுக்கு நிஜம்.

நைஸருக்கு இந்தச் சந்தேகம் வந்ததே சொந்தக் கதையால்தான். 1941இல் பேர்ல் ஹார்பர் தாக்குதல் செய்தி வந்தபோது ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்ததாகப் பல வருடம் நம்பியிருந்தார். ஒருநாள் திடீரென்று உறைத்தது: தாக்குதல் டிசம்பரில் நடந்தது. டிசம்பரில் ஏது பேஸ்பால்?

இன்னொன்று. 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். சிலரிடம் "கார்கள் இடித்தபோது என்ன வேகம்?" என்றார்கள், சிலரிடம் "கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்றார்கள். ஒரு வாரம் கழித்து எல்லாரிடமும் "உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. 'இடித்த' கூட்டத்தில் 50க்கு 7 பேர் பார்த்தேன் என்றார்கள். 'நொறுங்கிய' கூட்டத்தில் 50க்கு 16 பேர்.

ஆகவே பொண்ணு, அப்பாவிடம் "எந்தப் பக்கம் சாய்ந்தது?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்ட மாத்திரத்தில் நீங்களே சாய்த்துவிடுவீர்கள்.

பெண்டமியர் பொண்ணு | செவ்வாய், காலை 6.50

ஐயோ. சின்ன வயதிலிருந்து நான் கேட்டதே அந்தக் கேள்விதான்.

கோப்பி ஓ கொசோங் | செவ்வாய், மதியம் 1.20

எலி எழுதியதை மறுக்கவில்லை. எனக்குப் பயம் வேறு. கண்ணை நம்பாதே, நினைவை நம்பாதே என்று சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் சத்தமாகப் பேசுகிறவன் சொல்வதுதான் உண்மை என்று ஆகிவிடும். அதனால்தான் அளவு வேண்டும் என்கிறேன். 2013 புகைமூட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஜூன் 21, நண்பகல், காற்று மாசை அளக்கும் பிஎஸ்ஐ குறியீடு, மூன்று மணி நேர சராசரி, 401. எண் வந்ததும் எல்லாரும் ஒரு தரைக்கு வந்தார்களா இல்லையா?

தெம்பனிஸ் தாமரை | செவ்வாய், மாலை 5.45

இல்லை கொசோங் அண்ணா, வரவில்லை. நான் அந்த வாரம் ஆஸ்துமா இருக்கிற நாலு வயதுப் பிள்ளையோடு வீட்டுக்குள் இருந்தவள். கதவிடுக்கில் ஈரத்துண்டு, கடை கடையாக ஏறி இறங்கியும் என்95 முகக்கவசம் கிடைக்கவில்லை. எண் ஒன்று சொல்லும், மூக்கு வேறு சொல்லும். மூன்று மணி நேர சராசரி ஒன்று, 24 மணி நேர சராசரி ஒன்று, எதைப் பார்ப்பது என்றே தெரியாது. எங்கள் மாமியார் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜன்னலைக் காட்டினார்: "எதிர் புளோக் தெரியுதா? தெரியல. அவ்வளவுதான் கணக்கு."

அப்போது பிஎஸ்ஐக்குள் பிஎம் 2.5 என்ற மிக நுண்ணிய துகள் சேர்க்கப்படவில்லை, அதைத் தனியாகச் சொன்னார்கள். புகையில் அதிகம் வருவதே அதுதான். 2014 ஏப்ரல் 1 முதல்தான் அதையும் உள்ளே சேர்த்தார்கள். அளவு நம்மைத் திருத்தும், சரி. அந்த அளவையே ஒருவகையில் எங்கள் மாமியார் மூக்குத் திருத்தியது என்று நான் இன்றும் சொல்வேன்.

கோப்பி ஓ கொசோங் | செவ்வாய், இரவு 7.10

மாமியாருக்கு என் வணக்கம். ஒரு புள்ளி உங்களுக்கு.

சரி, நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கட்டட வேலையில் முப்பது வருடம். நியூ வோர்ல்ட் விஷயத்தை எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் மறக்க மாட்டோம். அன்று குண்டு என்றார்கள், எரிவாயு என்றார்கள், எம்ஆர்டிக்குச் சுரங்கம் தோண்டியதுதான் காரணம் என்றார்கள். (அந்தச் சுரங்க வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு நிபுணர்கள்தான் இடிபாட்டுக்குள் வழி குடைந்து ஆட்களை மீட்க உதவினார்கள்.) விசாரணையில் அந்த மூன்றும் அடிபட்டுப் போயின. காரணம், கட்டடத்தை வடிவமைத்தபோது போட்ட கணக்கு. ஆள், கட்டில், அலமாரி எல்லா எடையையும் கூட்டியவர், கட்டடத்தின் சொந்த எடையைக் கூட்டவே இல்லை. 1971இலிருந்து 15 வருடம் அது தன்னையே தாங்க முடியாமல் நின்றிருக்கிறது.

அன்று தெருவில் நின்ற ஒருவர் கண்ணுக்கும் இது தெரிந்திருக்காது. மழை என்றவருக்கும் தெரியாது, வெயில் என்றவருக்கும் தெரியாது.

ஜூரோங் ஜெகன் | செவ்வாய், இரவு 7.31

சொந்த எடையை விட்டுவிட்டாரா? அண்ணே, இந்த இழை முழுக்க நாம் பேசிக்கொண்டிருப்பதும் கிட்டத்தட்ட அதைத்தானே.

கோப்பி ஓ கொசோங் | செவ்வாய், இரவு 7.33

தம்பி, 33 பேர் செத்த விஷயம். உவமை ஆக்காதே.

ஜூரோங் ஜெகன் | செவ்வாய், இரவு 7.36

சரிண்ணே. மன்னிக்கவும்.

பெண்டமியர் பொண்ணு | சனி, இரவு 11.40

எலி சொன்ன மாதிரி, சாயாத கேள்வியாகக் கேட்டேன். "அப்பா, அன்னிக்கு என்ன நடந்துச்சு?" அவ்வளவுதான். அதே கதை. அரிசி மூட்டை, அஞ்சடி, மழை. ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் இந்தத் தடவை ஒன்றைக் கவனித்தேன். மழையைச் சொல்லும்போது கையைத் தலைக்கு மேல் குவித்துக் காட்டினார், ஓலை பிடிப்பது மாதிரி. அஞ்சடியில் ஒதுங்கியவருக்கு எதற்கு ஓலை?

அம்மாவிடம் தனியாகக் கேட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்தார். பழைய பாஸ்போர்ட்டுகள், ரப்பர் பேண்ட் இற்று ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவுடையதில் மெட்ராஸ் முத்திரை: 1986 மார்ச் 7. திரும்பி இங்கே இறங்கிய முத்திரை: மார்ச் 25.

அப்பா அன்று சிங்கப்பூரிலேயே இல்லை.

தாத்தா இறந்துபோன மாதம் அது. தந்தி வந்து, மூத்த பிள்ளை என்று அப்பா மட்டும் மன்னார்குடிக்குக் கிளம்பினார். வருகிறவரை ஐஸ் வைத்துக் காத்திருந்தார்களாம். சித்தப்பாவுக்கு டிக்கெட்டுக்குக் காசில்லை, கடையிலும் விடவில்லை. அம்மா சொன்னார்: "மாசி மாசத்துல யாராவது மழை பாத்திருக்காங்களா? பாடையத் தூக்குறப்ப கொட்டிச்சு பாரு. ஒங்கப்பா தென்னோலையத் தலைக்கு மேல புடிச்சிக்கிட்டே கொள்ளி வச்சாரு. சட்டையெல்லாம் சேறு. அந்தச் சட்டைய ஆத்துலயே விட்டுட்டு வந்தாரு."

கருமாதி முடிந்து அப்பா திரும்பி வந்தபோது சிராங்கூன் ரோடு முழுக்க அந்தக் கட்டடப் பேச்சுதான். ராத்திரி கடைக்கு மேல் படுத்துக்கொண்டு சித்தப்பா கட்டடத்தைச் சொல்லியிருக்கிறார், அப்பா தாத்தாவைச் சொல்லியிருக்கிறார். பல மாதம்.

ஆய்வுக்கூட எலி | ஞாயிறு, நள்ளிரவு 12.15

எழுத ஒன்றும் வரவில்லை. பாஸ்போர்ட்டை அவரிடம் காட்டினீர்களா?

பெண்டமியர் பொண்ணு | ஞாயிறு, காலை 9.05

நான் காட்டியிருக்க மாட்டேன். அவரே வந்துவிட்டார், டின் மேசையில் திறந்து கிடந்தது. கண்ணாடி போட்டுப் புரட்டினார். முத்திரைப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "என் பாஸ்போர்ட்டுதான்" என்றார். அப்புறம், "ஆனா நான் பாத்தேனே பாப்பா" என்றார்.

கோப்பி ஓ கொசோங் | ஞாயிறு, காலை 9.30

முதல் பதிவில் 'ஒருவர் சொல்வது தப்பு' என்று எழுதினேன். தப்புதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கக் கூடாது.

பெண்டமியர் பொண்ணு | ஞாயிறு, இரவு 10.10 (நான்கு வாரம் கழித்து)

இழை தூங்கிவிட்டது, தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

இன்று சித்தப்பா வந்தார். ஆட்டுக்கறி. என் மகன் வேண்டுமென்றே "தாத்தா, அந்தக் கட்டடக் கதை சொல்லுங்க" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா ஆரம்பித்தார். மூட்டை, ஓவன் ரோடு. மழை வரும் இடத்தில் நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

சித்தப்பா எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு, "ஆமாண்ணே, லேசாத் தூறல் இருந்துச்சு" என்றார்.

அப்பா தொடர்ந்தார். மகன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

சித்தப்பாவை வழியனுப்ப மின்தூக்கி வரை போனேன். கதவு திறக்கும்போது என் தோளைத் தட்டி, "வெயிலுதாம்மா. தார் ரோடு கால்ல ஒட்டுச்சு" என்றார்.

பழைய பஞ்சாங்கம் | ஞாயிறு, இரவு 10.32

சித்தப்பா சொன்னதை எழுதி வைத்தீர்களா அம்மா? இன்றைய தேதியோடு?

பெண்டமியர் பொண்ணு | ஞாயிறு, இரவு 10.35

வைத்தாகிவிட்டது ஐயா. அதே பிஸ்கட் டின்னில்.